உச்சியை விடுங்கள், வாலைப் பாருங்கள்

ஆன்டெனா என்றதும் எவ்வளவு தூரம் எட்டும், எவ்வளவு பலமாக வீசும் என்றுதான் கேட்கிறோம். குறுந்துடிப்புக்கான ஆன்டெனாவின் அழகு வேறு: துடிப்பை விட்ட கையோடு அடங்கிவிடுவது. நிலத்தடிக் குழாய்களைத் தேடும் ராடாரை எடுத்துக்கொள்வோம். ரேடியோ அலை ஒரு நானோசெகண்டில் காற்றில் 30 செ.மீ. போகும், ஓரளவு உலர்ந்த மண்ணில் சுமார் 10 செ.மீ.தான். போய்த் திரும்பவும் வேண்டுமே! ஆன்டெனா ஒரு நானோசெகண்ட் கூடுதலாக அதிர்ந்தால், சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு மண்ணில் இருப்பது அந்த அதிர்வில் மறைந்துபோகும். சாதாரண இருமுனை ஆன்டெனா அடித்த மணிபோல ரீங்கரிக்கும். நுனிக்கு ஓடிய மின்னோட்டம் அங்கே முட்டித் திரும்பும், மறுபடி ஓடும். அப்போதெல்லாம் கொஞ்சம் கதிர்வீச்சு கசியும்.

ஆகவே முதலில் நுனியைப் பாருங்கள். நுனியை நெருங்க நெருங்க மின்தடையை ஏற்றினால் மின்னோட்டம் திரும்பாமலே கரைந்துவிடும் என்று ஆய்வாளர்கள் வூ, கிங் இருவரும் 1965இல் காட்டினார்கள். வண்ணத்துப்பூச்சிச் சிறகு போன்ற ராடார் ஆன்டெனாக்கள் சிலவற்றில், உலோகத்தகட்டை வெட்டி இடையிடையே பற்றவைத்த சின்னச் சின்ன மின்தடைகள் இருப்பது இதற்காகத்தான். பாதிக்கு மேல் ஆற்றல் சூடாக வீணாகலாமே என்பார்கள். உண்மைதான். எதிரொலி இரைச்சலில் மூழ்கும் ஆழங்களில் அந்த இழப்பு வலிக்கும். அங்கே தடையைக் குறைப்பதே சரி. ஆனால் ஆழம் குறைந்த தேடலில் எதிரொலியை மறைப்பது வெளி இரைச்சலைவிட ஆன்டெனாவின் சொந்த அதிர்வுதான். அதை அடக்கக் கொடுக்கும் விலை நியாயமானது.

அடுத்து ஆன்டெனாவின் வடிவம். மொட்டைமாடி டிவி ஆன்டெனாக்களில் ஒரு வகையான லாக்-பீரியாடிக்கில் உயர் அதிர்வெண்கள் முன்னாலுள்ள குட்டைக் கம்பிகளிலிருந்தும், தாழ்ந்தவை பின்னாலுள்ள நீளக் கம்பிகளிலிருந்தும் கிளம்பும். அகன்ற அலைப்பட்டை உண்டு. ஆனாலும் ஒவ்வொரு அதிர்வெண்ணும் வெவ்வேறு இடத்திலிருந்து கிளம்புவதால் குறுந்துடிப்பு நீண்டு இழுபடும். பீட்டர் கிப்சன் 1979இல் அறிமுகப்படுத்திய விவால்டி ஆன்டெனாவில், உலோகத்தகட்டிலுள்ள பிளவு சீராக விரிவதால் சிதைவு மிகக் குறைவு. இழுபட்டதைக் கணினி சரிசெய்யாதா? செய்யும், இழுபட்ட விதம் தெரிந்திருந்தால். ஆனால் அந்த விதம் திசைக்குத் திசை மாறும். ரிசீவரே திணறிப்போகும் அளவுக்கு ரீங்காரம் இருந்தால், பதிவாகாத எதிரொலியை எந்தக் கணக்கும் மீட்காது.

இன்னொன்று. ஒரே ஆன்டெனா அனுப்பும்போது தரும் துடிப்பு வடிவம், பெறும்போது தருவதன் கால வகைக்கெழு. ஆகவே அனுப்பும் முனை, பெறும் முனை இரண்டையும் சேர்த்தே சீர்செய்ய வேண்டும். இனி ஒரு துடிப்பு வரைபடம் கையில் கிடைத்தால், உச்சியின் உயரத்தை அளக்கும் முன், அதற்குப் பின்னால் கோடு எவ்வளவு சீக்கிரம் பூஜ்யத்தில் படுக்கிறது என்று பாருங்கள்.