மருத்துவர் எங்கே?

காலையில் தேநீர்க் கோப்பையை ஏந்தும் நாம், அதனுள் எத்தனை ஏழையரின் உதிரம் கலந்திருந்தது என எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ண வைத்தவர் ஒரு மருத்துவர். பி. எச். டேனியல் என்பது அவர் பெயர். 1940-களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றியவர். முதிய தொழிலாளர் வாய்வழிக் கேட்ட கொடுமைகளை ஆங்கிலத்தில் புதினமாக்கி, 1969-இல் 'ரெட் டீ' என வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பால் அது 'எரியும் பனிக்காடு' ஆகித் தமிழகம் சேர்ந்தது. அதைத் தழுவி இயக்குநர் பாலா எடுத்த படமே 2013-இல் வந்த 'பரதேசி'.

ஆரணியில் தறி முன் அமர்வோர்க்கு இது அயலூர்க் கதையன்று. பாவும் ஊடையும் முதலாளி தருவார். கூடவே முன்பணமும் தருவார். அந்தப் பணம் அடையும்வரை வேறொரு முதலாளியிடம் நெசவாளி போக முடியாது. நம் வகுப்பில் அமரும் பிள்ளைகளின் வீடுகளிலேயே இதைக் காண்கிறோம். ஆகவேதான், ஆண்டு முடிந்ததும் கங்காணி கணக்குப் படிக்கும் காட்சியில் நம் நெஞ்சு பதறியது. கொடுத்தது, பிடித்தது, கழித்தது என்று அடுக்குகிறான். உழைத்தவன் கடைசியில் கடனாளியாகவே நிற்கிறான்! தமிழ்த் திரையில் சுரண்டலை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சிகள் மிகச் சில.

ஆனால், கொள்ளை நோய் வருகிறது. அங்கேதான் படம் தடம் புரள்கிறது.

புதினத்தில் ஆபிரகாம் என்னும் இளம் மருத்துவர் வருகிறார். முறையான படிப்பில்லாதவன் மருந்து கொடுத்து வந்த இடத்தில், நோயை நோயாகப் பார்க்கும் அறிவோடு நுழைகிறார். தொழிலாளியையும் மனிதனாக மதிக்கிறார். படத்திலோ, மருத்துவம் பார்க்க வந்தவர் வெள்ளைக்கார மனைவியோடு ஆடிப் பாடுகிறார். ரொட்டியைக் காட்டி மதம் மாற்றுகிறார். பாதிரியைக் கேலி செய்தது கண்டு நமக்கு வருத்தமா? இல்லை, தோழர்களே! எம்மதத் தரகனையும் எள்ளி நகையாடுவோர் நாம். நம் குறை வேறு. மலையுச்சியில் பகுத்தறிவின் பக்கம் நின்ற ஒரே மனிதரை அழித்துவிட்டு, அவரிருந்த இடத்தில் ஒரு கோமாளியை நிறுத்தியது ஏன்? அதுவும், எழுதியவரே ஒரு கிறித்தவ மருத்துவராயிருக்கையில்! பார்ப்பவனின் சினம் தோட்ட முதலாளியை விட்டு, ரொட்டி கொடுத்தவன் மீது திரும்பிவிடுகிறது.

சாதிக்கும் இதே கதிதான். புதினத்தின் கருப்பனும் வள்ளியும் தாழ்த்தப்பட்டோர். சேரியின் பசியே அவர்களை மலையேற்றுகிறது. படத்தின் சாலூரில் சிரிப்பும் கும்மாளமும் நிறைய உண்டு. சாதியின் பெயர்தான் ஓசையின்றி ஒதுங்கிக்கொள்கிறது.

தப்பி ஓடியவனின் கால் நரம்பை அறுக்கிறார்கள். கொடுமைதான். ஆனால் முன்பணம் வாங்கி ஓடுபவனைச் சிறைக்கனுப்ப வெள்ளையர் 1859-இலேயே சட்டம் இயற்றியிருந்தனர். அது நீக்கப்பட்டது 1925-இல். கத்தி பிடித்த அடியாள் திரையில் தெரிகிறான், பேனா பிடித்த சட்டசபையோ தெரிவதில்லை. (2008-இல் வந்த 'காஞ்சிவரம்' நாவலைத் தழுவியதன்று, எனினும் அங்கே நெசவாளர் ஒன்றுகூடிப் போராடியதும் காட்டப்பட்டது, அவர்கள் தலைவனே தடுமாறியதும் மறைக்கப்படவில்லை.)

இறுதிக் காட்சியை மட்டும் நாம் குறை சொல்லமாட்டோம். காதலனைத் தேடி அங்கம்மா குழந்தையோடு மலையேறி வருகிறாள். தன்னை அழைத்து வந்தது எந்த வலை என்பதை அவள் அறியாள், அவன் அறிவான். அவன் கதறுகிறான். அங்கே பாட்டில்லை, பாதிரியில்லை, கேலியில்லை. இதை எடுக்கத் தெரிந்த பாலாவுக்கு, ஆபிரகாமையும் எடுக்கத் தெரிந்திருக்கும்.