‘எங்க காலத்துல’

எங்கள் துறையில் அந்தச் சண்டை ஒரு பிரசவ விடுப்பில் தொடங்கியது. இளைய விரிவுரையாளர் விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடமே மீதமிருந்த பேராசிரியை எட்டிப் பார்த்து, “எங்க காலத்துல தொண்ணூறு நாள்தான்மா” என்றார். இளையவர் அங்கே பேசவில்லை. வராந்தாவுக்கு வந்து என்னிடம், “சரியான பூமர் மேடம்” என்றார். விடுப்பில் போகும்வரை இருவருக்கும் பேச்சு இல்லை.

கல்லூரி இதை மாமியார் மருமகள் சண்டையாகப் படித்தது. இரண்டு ஆண்கள் மோதினால் மட்டும் அது கருத்து வேறுபாடு.

நான் தமிழ் நடத்துகிறவள், வாக்கியத்திலிருந்துதான் தொடங்குவேன். ‘நம்ம’ என்றால் கேட்பவளும் உள்ளே இருக்கிறாள். ‘எங்க’ என்றால் இல்லை. ‘பூமர்’ இன்னும் மோசம். அதில் எதிரில் இருப்பவளுக்கு வயது மட்டுமே உண்டு, வாழ்க்கை கிடையாது.

அந்த வாழ்க்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழக அரசுப் பணியில் 90 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 2011இல் ஆறு மாதமானது, 2016இல் ஒன்பது, 2021இல் பன்னிரண்டு. எனக்குக் கிடைத்தது நடுவிலுள்ள ஆறு. மூத்தவர் 90 நாளில் திரும்பியவர். பால் கட்டி ரவிக்கை நனைய, வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி யாப்பிலக்கணம் நடத்தியதைப் பிறகொரு நாள் சொன்னார். அன்று அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே நான் அவருக்குப் பெண்ணியம் போதித்துவிட்டேன். “நாம் பட்டதை அவர்களும் படணுமா மேடம்?” என்றேன். அவர் கால அட்டவணையை என் பக்கம் திருப்பி வைத்தார். “அப்போ என் நாலு ஹவரை நீ எடுத்துக்கிறியா?”

விடுப்பில் போனவருக்கு வாரம் 16 பாடவேளை. மாற்று ஆள் போடவில்லை. அவற்றை மிச்சமிருந்த பெண்களின் பெயரில் பிரித்துப் போட்டிருந்தது. ஆண்களுக்குத் தேர்வுப் பணி, என்.எஸ்.எஸ். என்று ஏதாவது இருக்கும். மூட்டுவலிக்காரரை இரண்டாம் மாடிக்கு அனுப்பிய அந்த அட்டவணையைப் போட்டவள் நான்.

அவருடைய வழக்கு இளையவளோடு அல்ல. ஆனால் அதைச் சொல்ல அவரிடம் இருந்தது ‘எங்க காலம்’ ஒன்றுதான். விடுப்பைத் தருகிற நிர்வாகம் அதன் சுமையைப் பெண்கள் தலையிலேயே இறக்கிவிட்டு, நாங்கள் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்க்கிறது. இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசியிருந்தால் அட்டவணை அப்படியேதான் இருந்திருக்கும்.

விடுப்புக் காலத்துக்குக் கௌரவ விரிவுரையாளர் வேண்டுமென்று முதல்வருக்குக் கடிதம் எழுதினோம். முதல் கையெழுத்து மூத்தவருடையது. இளையவரிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பின்னால் குழந்தை வீறிட்டது. ‘எங்கள் துறையில்’ என்று தொடங்கிய அந்தக் கடிதத்தில் ‘எங்கள்’ வெளியே நிறுத்தியது முதல்வரை மட்டும்.

ஆள் வந்தது எட்டாவது மாதம். சிறு பெண், புதுமணம். அவளுக்கு இந்த விடுப்பு உண்டா என்று முதலில் கேட்டவர் மூத்தவர்தான்.