பழங்கருவியும் நடுநிலைச் செவியும்

பழைய குறுந்தட்டுக் கருவியின் ஒலியே இனிது என்பார் உளர். அக்கூற்று ஆராயத்தக்கது. 1982இல் வெளிவந்த சோனியின் முதற்கருவி, எண்களை ஒலியாக்கும் ஒரே உறுப்பை இடம், வலம் இரண்டிற்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திற்று; பிலிப்சின் முதற்கருவி 14 பிட் உறுப்புகளைக் கொண்டிருந்தது. எனவே பழையன யாவும் ஒருகுரலுடையன அல்ல.

1929இல் தோன்றிய போ தோட்டம் முதலாகக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஈரக்காற்று மிகுதி. கருவியின் வில்லையில் நீர் படிந்தால் பாட்டு அறுந்தறுந்து ஒலிக்கும். கைமாறி வந்த கருவிக்கு இவ்விடர் பெரிது. ‘பாசமலர்’ (1961) பாடல்களோ ஒற்றைத் தடத்தில் பதிவானவை. எக்கருவியும் அப்பதிவில் இல்லாததைத் தாராது. அவற்றைக் கேட்டுத் தோட்டத்து முதியவர் கண்கலங்குவாராயின், அவர் கேட்பது தம் இளமையையும் சேர்த்தே. அவ்வுருக்கம் மெய்யானது; கருவியின் புகழாக அதனை எழுதுதல் பிழை. உருக்கத்தைப் பாட்டிற்கும் நினைவிற்கும், தடுமாற்றத்தைக் கருவிக்கும் உரியதாகப் பிரித்தறிவதே நடுநிலைச் செவி.