உழைப்பு உரிமை தருமா? ஜான் லாக்கும் மலாக்கா தோட்டத்து மண்ணும்



'தனியார் சொத்து ஓர் இயற்கை உரிமையா? ஆராய்க.' இப்படி ஒரு கேள்வி வந்தால் நம் மாணவர்கள் பெரும்பாலும் எழுதும் பதில் நமக்குத் தெரிந்ததுதான். ஜான் லாக் பெயர், 1689 என்ற ஆண்டு, உழைப்பைக் கலந்தவனுக்கே சொத்து என்ற ஒரு கருத்து. அடுத்த பத்தியிலேயே தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். நம் தாத்தா பாட்டி காட்டை வெட்டினார்கள், கித்தா மரம் நட்டார்கள், மூன்று தலைமுறை பால் வெட்டினார்கள். ஆகவே லாக் சொன்னபடி அந்த நிலம் அவர்களுடையது என்று முடித்துவிடுவார்கள்.

படிக்கும்போது மனசைத் தொடும். ஆனால் லாக் அப்படிச் சொல்லவில்லை. அவர் உண்மையில் என்ன சொன்னார், அது எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை நம் மலாக்கா மண்ணை வைத்தே பார்ப்போம்.

லாக்கின் வாதம் நான்கு படி. ஒன்று, கடவுள் பூமியை எல்லா மனிதருக்கும் பொதுவாகத் தந்தார். இரண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் உடல் சொந்தம்; உடல் சொந்தமானால் அதன் உழைப்பும் சொந்தம். மூன்று, பொதுவாகக் கிடக்கும் ஒன்றில் தன் உழைப்பைக் கலப்பவர் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறார். நான்கு, இதற்கு வரம்பு உண்டு: வீணாகும் அளவுக்கு எடுக்கக்கூடாது, மற்றவர்களுக்கும் போதுமானதும் அதே தரமுள்ளதும் மிச்சமிருக்க வேண்டும். இதெல்லாம் அரசு தோன்றுவதற்கு முன்பே நடப்பதால்தான் இதற்கு 'இயற்கை உரிமை' என்று பெயர். அரசு பிறகு வருகிறது, இந்த உரிமையைக் காவல் காக்க.

இதைப் போன்ற ஒரு வழக்கம் மலாக்காவிலேயே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சாரிப் எதிர் மிட்சல் என்ற வழக்கில், தலைமை நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல் மலாக்காவின் பழைய மலாய் நில வழக்கத்தை விளக்கினார். மண் ஆட்சியாளருடையது. ஆனால் காட்டையும் தரிசையும் திருத்திப் பயிரிடும் உரிமை எவருக்கும் உண்டு; விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்தினால் போதும். பயிரிடும்வரை அந்த நிலத்திலிருந்து அவரை யாரும் எழுப்ப முடியாது. நெல் நிலத்தை மூன்று ஆண்டு சும்மா போட்டுவிட்டால் உரிமை போய்விடும். உயிருள்ள நிலம் 'தானா ஹிடுப்', கைவிட்ட நிலம் 'தானா மாத்தி'.

இதை லாக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் உழைப்புதான் உரிமைக்கு அடிப்படை. ஆனால் மலாக்கா வழக்கத்தில் உழைப்பு நிற்கும்போது உரிமையும் நிற்கிறது. லாக்கின் வாதத்திலோ ஒருமுறை கலந்த உழைப்பு பிள்ளை பேரன் வரை போகும் முழு உடைமையாகிவிடுகிறது. இந்தத் தாவலுக்கு அவர் போதிய காரணம் தரவில்லை என்பதே என் முதல் குறை. ராபர்ட் நோசிக் 1974-இல் இதையே வேறு விதமாகக் கேட்டார்: ஒரு டின் தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றிக் கலந்தால் கடல் எனக்குச் சொந்தமாகுமா, இல்லை என் சாறுதான் வீணாகுமா? தனியார் சொத்தை ஆதரித்தவரே கேட்ட கேள்வி இது என்பதைக் கவனியுங்கள்.

டேவிட் ஹியூம் இன்னும் அடியிலே கை வைத்தார். உழைப்பைப் பொருளோடு 'கலப்பது' என்பதே ஓர் உருவகப் பேச்சுதான்; சொத்து என்பது மனிதர்கள் சேர்ந்து வாழ ஏற்படுத்திக்கொண்ட வழக்கு என்றார். மலாக்கா வழக்கம் ஹியூமுக்குத்தான் நெருக்கம். பத்தில் ஒன்று, மூன்று ஆண்டு என்பதெல்லாம் இயற்கை போட்ட கணக்கா? ஊர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை யார் யாரிடம் கேட்கலாம் என்பதிலேயே போரும் மூண்டது. பத்தில் ஒரு பங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி நானிங்கிலும் கேட்டது. பெங்ஹூலு டோல் சைட் மறுத்தார். 1831-32-இல் நானிங் போர் நடந்தது. வரலாற்றுப் பாடத்தில் படித்த இந்தப் போரை இந்தக் கேள்விக்கும் பயன்படுத்தலாம்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நடந்த முதல் ரப்பர் நடவு என்று அதைத்தான் சொல்கிறோம். பிறகு மலாக்காவிலும் மற்ற மாநிலங்களிலும் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு மரத்துக்கு மரம் உளி, மங்கு, வாளி. உழைப்பைக் கலந்தது யார் என்று கேட்டால் பதிலில் சந்தேகமே இல்லை.

ஆனால் லாக்கின் சொத்து அதிகாரத்தில் மாணவர்கள் தாண்டிப் போகும் ஓரிடம் இருக்கிறது. என் குதிரை மேய்ந்த புல், நான் தோண்டிய கனிமம் ஆகியவற்றோடு, என் வேலையாள் வெட்டிய புல்தரையும் எனக்கே சொந்தம் என்கிறார் அவர். அதாவது வேலையாளின் உழைப்பு முதலாளியின் கணக்கில் சேர்கிறது. இந்த ஓர் இடம் போதும், பால்வெட்டுத் தொழிலாளியின் உரிமைக் கோரிக்கை லாக்கின் வாசலிலேயே நின்றுவிடும். இதை வைத்து சி. பி. மக்பெர்சன் 1962-இல் லாக் கூலி உழைப்பை நியாயப்படுத்துகிறார் என்று வாதிட்டார். ஜேம்ஸ் டல்லி 1980-இல் அதை மறுத்தார். தேர்வில் இந்த விவாதத்தை இரண்டு வரியில் குறிப்பிட்டாலே பதில் கனம் பெறும்.

"கூலி கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி; தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் கூலி பேரம் நேர்மையாக இருக்க, வேலையாளுக்கு வேறு வழியும் இருக்க வேண்டும். லாக்கின் நான்காம் படி சொல்வதும் அதுதான்: மற்றவர்க்கும் போதுமான நிலம் மிச்சமிருக்கட்டும். சுற்றியுள்ள நிலமெல்லாம் ஒருவர் பெயரில் பதிவான பிறகு, கையில் உளி மட்டும் உள்ளவருக்கு மிச்சம் ஏது? நிலம் திருத்தப்பட்டால் எல்லாருக்கும் வளம் பெருகும், இங்கிலாந்தின் தினக்கூலி அமெரிக்கப் பூர்வகுடி அரசனைவிட வசதியாக வாழ்கிறான் என்பது லாக் தரும் சமாதானம். வளம் பெருகியது உண்மை. அது யார் கைக்குப் போனது என்ற கேள்விக்கு அந்தச் சமாதானம் பதில் சொல்வதில்லை. இது என் இரண்டாவது குறை.

சட்டம் என்ன சொல்கிறது? 1965-இல் இயற்றப்பட்டு 1966 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின்படி பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும், குடியிருந்த காரணத்தால் மட்டும் அரசு நிலமோ தனியார் நிலமோ ஒருவருக்குச் சொந்தமாகாது. கூட்டரசு அரசமைப்பின் 13-ஆவது பிரிவு சொத்துரிமையைக் காக்கிறது. அதில் சொத்து உள்ளவருக்குத்தான் காவல். தோட்டத்து வீடோ வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போச்சு.

1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது இந்த உண்மை முகத்தில் அறைந்தது. பெரிய தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. வேலையும் கூரையும் ஒரே நாளில் கேள்விக்குறி ஆயின. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அப்துல் அசீஸ் ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. முதலாவது கெடாவின் புக்கிட் சீடிம்.

தத்துவக் கண்ணோடு இதைப் பாருங்கள். உழைத்தோம், ஆகவே சொந்தம் என்ற லாக்கின் வழி அங்கே அடைபட்டிருந்தது. பங்குப் பணம், பதிவு, சங்கம் என்ற ஹியூமின் வழியில் அவர்கள் போனார்கள். தங்கள் வியர்வை ஊறிய நிலத்தைத் தாங்களே காசு கொடுத்து வாங்கினார்கள். இதில் பெருமையும் உண்டு, அநீதியும் உண்டு. இரண்டையும் எழுதத் தெரிந்த மாணவரே நல்ல பதில் எழுதியவர்.

இன்னொரு எச்சரிக்கை. 'காட்டை வெட்டியவனுக்கே நிலம்' என்று நாம் உரக்கச் சொன்னால், அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்களின் கதி என்ன? உழாத நிலம் வெற்று நிலம் என்ற லாக்கின் கருத்து அமெரிக்கப் பூர்வகுடிகளின் மண்ணை எடுக்கத் துணைபோனது. இங்கே ஓராங் அஸ்லி மக்கள் இருக்கிறார்கள். சிலாங்கூர் தெமுவான் மக்களின் சாகோங் தாசி வழக்கில், 2002-இல் உயர்நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களது வழக்காற்று நில உரிமையை ஏற்றன. பட்டா இல்லாமலே ஓர் உரிமை இருக்கக்கூடும் என்று நம் நாட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அப்படியானால் லாக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். அவருடைய முதல் ஆய்வுரையில் பலர் படிக்காத ஒரு கருத்து உண்டு: வேறு வழியின்றி நிற்பவருக்கு, பிறரிடம் மிஞ்சியிருப்பதில் உரிமை உண்டு, அவரது இல்லாமையைப் பயன்படுத்தி அவரை அடிமையாக்க எவருக்கும் உரிமை இல்லை. தோட்டம் கைமாறும்போது பழைய தொழிலாளர் கேட்டது பெரும்பாலும் முழு நிலத்தை அல்ல. தலைக்கு மேல் ஒரு கூரை, கோயிலுக்கும் பள்ளிக்கும் கொஞ்சம் இடம். இந்தக் கோரிக்கைக்கு உழைப்புக் கொள்கையைவிட இந்தக் கருத்துதான் பலமான துணை.

மாணவர்களே, பதிலில் மூன்றை மறக்காதீர்கள்: லாக்கின் வரம்புகள், வேலையாள் பற்றிய அந்த இடம், உள்ளூர்ச் சான்று ஒன்று. ஆசிரியர்களே, வகுப்பை இரு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி பதிவேட்டின் பக்கம் பேசட்டும், மற்றது மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்தின் பக்கம் பேசட்டும். பாதி நேரத்தில் அணிகளை மாற்றிவிடுங்கள். தன் பக்கத்தின் பலவீனம் எது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.