512 சேனல்களில் ஒரு பிரபஞ்சம்: ஒளிரும் கட்டடங்களை வாசிப்பது பற்றி

மேடை விளக்குக்காரர்களின் பாஷையில் 'யுனிவர்ஸ்' என்றால் 512. அதற்கு மேல் அதில் தத்துவம் எதுவும் கிடையாது. 1986இல் அமெரிக்காவின் நாடகத் தொழில்நுட்பக் கழகம் டிஎம்எக்ஸ்512 என்ற நெறிமுறையை வகுத்தபோது, ஒரே கேபிளில் 512 எண்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை. 0 என்றால் விளக்கு அணைந்திருக்கிறது. 255 என்றால் முழு வெளிச்சம். நாடக மேடைக்கு இது தாராளம். ஆனால் இன்று பெருநகரங்களின் கட்டட முகப்புகளில் வீடியோ ஓடுகிறது. பெரும்பாலும் இந்தப் 'பிரபஞ்ச'ங்களை அடுக்கி அடுக்கித்தான் அது ஓடுகிறது. நம் கலை விமர்சனமோ முகப்பை அண்ணாந்து பார்த்து 'ஆஹா' என்கிறது. இல்லாவிட்டால் 'காட்சிச் சமூகம்' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்துவிடுகிறது. கேபிளுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்ப்போம். ஓர் எல்.இ.டி. புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வேண்டும். 512ஐ மூன்றால் வகுத்தால் 170 புள்ளிகள், மீதி இரண்டு சேனல் வீண். உயரத்தில் 100, அகலத்தில் 50 என்று ஒரு முகப்பை வைத்துக்கொண்டால் 5,000 புள்ளிகள். அதற்கு 30 பிரபஞ்சங்கள். டிஎம்எக்ஸ் கேபிளில் நொடிக்கு 2,50,000 பிட் போகும். 512 எண்களையும் முழுசாகச் சொல்லி முடித்து மறுபடி தொடங்குவது என்றால் நொடிக்குச் சுமார் 44 தடவைதான் முடியும். முப்பது கேபிள் இழுப்பதற்குப் பதிலாக, சாதாரணக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலேயே இந்த எண்களை மூட்டை கட்டி அனுப்பினால் என்ன? லண்டனின் ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த ஆர்ட்-நெட் இதைத்தான் செய்தது. 2009இல் எஸ்ஏசிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இ1.31 தரநிர்ணயம் வந்தது. இரண்டும் யுடிபி வழியாகப் போகிறவை. யுடிபி என்பது பதிலை எதிர்பாராத தபால். போட்டாயிற்று, அவ்வளவுதான், போய்ச் சேர்ந்ததா என்ற விசாரிப்பு கிடையாது. தொலைந்தால் தொலைந்ததுதான், அடுத்தது பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறதே என்கிற தைரியம்.

ஆனால் நாம் நின்று பார்க்கவேண்டிய இடம் இதற்கு முன்னாலேயே இருக்கிறது. 1920க்கு 1080 என்ற அளவில் ஒரு வீடியோச் சட்டகத்தில் இருபது லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். முகப்பிலோ 5,000. எந்த வீடியோப் புள்ளி எந்த விளக்குக்கு? இதைத் தீர்மானிக்கிற அட்டவணையை எழுதும் வேலைக்குத்தான் 'பிக்ஸல் மேப்பிங்' என்று பேர். விளக்குச் சரங்களைப் பொருத்துகிறவர்கள் கேபிளை மிச்சப்படுத்தப் பாம்பு மாதிரி வளைத்து ஓட்டுகிறார்கள். முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். ஆகவே படத்தில் மேலும் கீழுமாக ஒட்டியிருக்கிற இரண்டு புள்ளிகள் கேபிளில் 99 விளக்கு தள்ளி இருக்கலாம். சில சில்லுகள் சிவப்புக்கு முன்னால் பச்சையைக் கேட்கும். அட்டவணையில் அதைக் கவனிக்காமல் விட்டால் திரையில் சிரிக்கிற முகம் கட்டடத்தில் நோயாளி முகமாகிவிடும்.

சசூர் சொன்ன விஷயத்துக்கு இதைவிடப் பச்சையான உதாரணம் கிடைப்பது கஷ்டம். 7ஆம் பிரபஞ்சத்தின் 214ஆம் சேனலுக்கும் பதினோராவது மாடி ஜன்னலோரத்துக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து அப்படி எழுதியிருக்கிறார் என்பதைத் தவிர. நன்னூலைப் புரட்டியவர்களுக்கு இடுகுறி என்றாலே போதும். போகிற வழியில் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே படம் இருக்காது, எண்களின் வரிசைதான் இருக்கும். கட்டடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாலும் படம் இருக்காது, கண்கூசும் புள்ளிகள்தான். ஒரு முனையில் அட்டவணை, மறுமுனையில் போதுமான தூரத்தில் நிற்கிற ஒரு கண். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிம்பம் 'நிகழ்கிறது'. எனவே 'முகப்பில் தெரிகிற படம்' என்று நாம் சாவதானமாகப் பேசுகிற வஸ்து, ஓர் ஒப்பந்தத்தின் விளைவு. யாருக்கும் யாருக்கும் இடையிலான ஒப்பந்தம் என்பதுதான் கேள்வி.

இங்கே வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். தொழில்காரர்கள் சொல்வது: 'நெறிமுறை வெறும் குழாய் சார், தண்ணியா சாராயமான்னு குழாய்க்கு என்ன தெரியும்?' கோட்பாட்டாளர்கள் சொல்வது இதற்கு நேர் எதிர். அலெக்ஸாண்டர் கேலோவே 2004இல் வெளியிட்ட 'புரோட்டகால்' என்ற நூலிலிருந்து தொடங்கி, மையம் கலைந்த வலைப்பின்னலில் கட்டுப்பாடு நெறிமுறையின் வடிவத்திலேயே குடியிருக்கிறது என்கிற வாதம் இன்று பாடப்புத்தகச் சமாச்சாரமாகிவிட்டது. இரண்டாவது வாதத்துக்கு ஆர்ட்-நெட்டும் எஸ்ஏசிஎன்னும் தட்டில் வைத்து ஆதாரம் தருவது போலத்தான் முதல் பார்வைக்குத் தெரியும். இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே விளக்குக்கு வெவ்வேறு எண் அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு விதிப்படி பெரிய எண் ஜெயிக்கும். இன்னொரு விதிப்படி கடைசியாக வந்த எண் ஜெயிக்கும். எஸ்ஏசிஎன்னில் இன்னும் வெளிப்படை. அனுப்புகிற ஒவ்வொருவரும் 0 முதல் 200 வரை ஒரு முன்னுரிமை எண்ணைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வரவேண்டும். ஒன்றும் குறிப்பிடாதவருக்கு 100. உயர்ந்த எண்காரர் பேசினால் மற்றவர்கள் வாய் மூடவேண்டும். அவர் இரண்டரை நொடி பேசாமலிருந்தால் போய்விட்டார் என்று அர்த்தம், அடுத்தவர் பேசலாம். அதிகாரப் படிநிலை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரே ஒரு பைட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கேலோவே வழி வாசிப்பு இங்கே திருப்தியாக முடிந்துவிடும். எனக்கு இந்த இடத்தில்தான் சந்தேகம். அந்த முன்னுரிமை எண்ணை யார் சரிபார்க்கிறார்கள்? யாருமில்லை. 'நான் 200' என்று சொன்னால் 200தான். இந்த நெறிமுறைகளில் கடவுச்சொல் கிடையாது, அடையாளச் சோதனை கிடையாது. பின்னாளில் சில தயாரிப்பாளர்கள் கடவுச்சொல் சேர்த்த வடிவங்களைக் கொண்டுவந்தார்கள் என்றாலும் அடிப்படைத் தரம் அப்படியேதான் இருக்கிறது. கேபிளுக்குள் வந்துவிட்ட எவரும் பேசலாம். டிஎம்எக்ஸில் பிழை கண்டறிகிற கட்டாய ஏற்பாடு இல்லை. வெடி, பாரம் தூக்குதல் போன்ற ஆபத்தான வேலைகளுக்கு என்னை நம்பாதே என்று அந்தத் தரமே சொல்லிவிடுகிறது. ஒரே மேடையில் ஒரே ராத்திரி வேலை பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் நம்பித்தான் ஆகவேண்டும் என்ற நாடகக் கொட்டகையின் ஒழுக்கம் இது. கட்டுப்பாட்டுச் சமூகத்தின் யந்திரம் என்று நாம் காட்ட நினைக்கிற இடத்தில் இப்படிப்பட்ட அப்பாவித்தனம் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் கட்டுப்பாடு எங்கே போயிற்று?

2016 மே மாதம், ஹாங்காங். 484 மீட்டர் உயரமுள்ள ஐசிசி கோபுரத்தின் விளக்கு முகப்பில், ஹாங்காங் கலை வளர்ச்சி மன்றம் நடத்திய பொதுவெளி ஊடகக் கலைக் கண்காட்சியின் பகுதியாக, சாம்ஸன் வோங், ஜேஸன் லாம் என்ற இரண்டு கலைஞர்களின் ஒன்பது நிமிட அசைவுப்படம் காட்டப்பட்டது. பெயர், 'நம் அறுபது நொடி நட்பு இப்போது தொடங்குகிறது'. வோங் கர்-வாயின் 1990ஆம் வருடத்திய படம் ஒன்றை நினைவுபடுத்துகிற தலைப்பு. காதல் சமாச்சாரம் போலிருக்கிறது என்று யாரும் நினைக்கலாம். கடைசி நிமிடத்தில் கோபுரத்தில் ஒன்பது இலக்க எண் ஒன்று தோன்றி நொடிக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. பெய்ஜிங்கின் உயர் தலைவர்களில் ஒருவரான ஜாங் டெஜியாங் நகரத்துக்கு வந்திருந்த நாட்களில் கலைஞர்கள் விஷயத்தை வெளியே சொன்னார்கள். அது 2047 ஜூலை 1ஆம் தேதிக்கு இன்னும் மிச்சமிருக்கிற நொடிகளின் கணக்கு. 1997இல் ஹாங்காங் சீனாவின் கைக்கு மாறியபோது ஐம்பது வருஷத்துக்கு நகரத்தின் வாழ்க்கைமுறை மாறாது என்று உறுதியளித்திருந்தார்களே, அந்தக் கெடு. அந்த மாதமே மன்றம் படத்தை நிறுத்திவிட்டது. சொன்ன காரணம், கலைஞர்கள் முன்கூட்டிக் கலந்து பேசாமல் தலைப்பையும் விளக்கக் குறிப்பையும் மாற்றிவிட்டார்கள் என்பது.

இந்தக் காரணத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள். மன்றம் படத்தில் குறை சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எண்கள். பாக்கெட்டில் போனதும் எண்கள், கோபுரத்தில் தெரிந்ததும் எண்கள். 98 கோடிச் சொச்சத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழிகிறது. அதைத் தடை செய்ய எந்தச் சட்டத்தாலும் முடியாது. குற்றம் தலைப்பிலும் குறிப்பிலும்தான் 'இருந்தது'. அதாவது குறிப்பானைக் குறிப்பீட்டோடு முடிச்சுப்போடுகிற அட்டவணையில். விளக்குப் புள்ளிகளுக்குப் பின்னால் இருந்தது போன்ற அட்டவணை இங்கே அர்த்தத்துக்கும் இருந்தது. கலைஞர்கள் செய்த காரியம் அந்த இரண்டாவது அட்டவணையைக் கடைசி நேரத்தில் திருத்தியது. 'பிக்ஸல் மேப்பிங்'கை நம்பிய மன்றம் அர்த்தத்தின் மேப்பிங்கைக் காவல் காக்க மறந்துபோயிற்று என்று வேண்டுமானால் சொல்லலாம். நிறுத்தப்பட்ட விதத்தையும் பாருங்கள். எந்த 200ஆம் முன்னுரிமைப் பாக்கெட்டும் வந்து அதை மூழ்கடிக்கவில்லை. காட்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கட்டுப்பாடு கேபிளில் இல்லை. கருவி இருக்கிற அறையின் சாவியிலும், விண்ணப்பப் படிவத்திலும், நிரல் போடுகிறவரின் மேசையிலும் அது பழைய காகித வடிவத்தில் சௌக்கியமாக இருக்கிறது. 2020இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இப்படியொரு படைப்பு அந்த மேசையைத் தாண்டியிருக்குமா என்று கேட்கவே வேண்டாம்.

இதோடு ஒப்பிடுவதற்கு சான்ஃபிரான்சிஸ்கோவின் சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரம். 2018இல் ஜிம் கேம்ப்பெல் அதன் உச்சியில் சுமார் 11,000 எல்.இ.டி.க்களைப் பொருத்தினார். நகரத்தில் ஆங்காங்கே வைத்த கேமராக்கள் பகலில் பிடிக்கிற காட்சிகள் ராத்திரியில் அங்கே மங்கலாக அசைகின்றன. கேம்ப்பெல்லை நான் மதிக்கிறேன். எத்தனை குறைந்த புள்ளிகளில் ஒரு மனிதனின் நடை இன்னும் மனிதனின் நடையாகவே தெரிகிறது என்பதைப் பல வருஷமாகச் சோதித்து வருகிறவர். முகம் அழிந்துபோகும், நடை மட்டும் நிற்கும். கண்காணிப்புக் கேமராவின் பிம்பத்தை எடுத்து அதன் கண்காணிக்கும் திறனைப் பிடுங்கிவிடுகிற காரியம் என்று இதை வாசிக்க இடமிருக்கிறது. ஆனால் அதே 2018இல், ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கேட்டுக்கொண்டதன் பேரில், ஹாலோவீன் ராத்திரியன்று அந்த உச்சியில் சௌரானின் கண்ணை எரியவிட்டார்கள். டோல்கீன் கதையில் எல்லோரையும் கோபுரத்தின் மேலிருந்து வேவு பார்க்கிற கொடுங்கோலனின் கண் அது. கேமராக்களிலிருந்து ஊட்டம் பெறுகிற ஒரு கோபுரத்தின் தலையில், கம்பெனியின் பேர் தாங்கிய கட்டடத்தில், ஜனங்கள் கேட்டு வாங்கிய பிம்பம்! ஹாங்காங்கில் வெறும் எண்கள் சகிக்கப்படவில்லை. இங்கே வேவுக்கண்ணையே தூக்கிவைத்தாலும் கைதட்டல்தான். கேலிக்கு இடம் கொடுக்கிற அதிகாரம் கேலியால் எதையும் இழப்பதில்லை. அது இன்னும் கொஞ்சம் பிரியத்துக்குரியதாகிவிடுகிறது.

வேறு மாதிரி நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. எல்.இ.டி. முகப்புகள் இப்படிப் பெருகுவதற்கு முன்பே. 2001 செப்டம்பரில் பெர்லினின் அலெக்ஸாண்டர் சதுக்கத்தில், புதுப்பிப்புக்குக் காத்திருந்த 'ஆசிரியர் இல்லம்' கட்டடத்தின் மேல் எட்டு மாடிகளில், மாடிக்குப் பதினெட்டாக 144 ஜன்னல்களுக்குப் பின்னால் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்காரர்கள் ஆளுக்கொரு விளக்கை நிறுத்தினார்கள். எரியும், அணையும், இரண்டே நிலை. யார் வேண்டுமானாலும் அசைவுப்படம் செய்து அனுப்பலாம். காதல் கடிதம் அனுப்பலாம். செல்போனிலிருந்து பாங் விளையாடலாம். 2002 பிப்ரவரி வரை ஓடியது. 18க்கு 8 என்றால் ஓர் எழுத்தைக்கூட லட்சணமாக எழுத முடியாது. அதனால்தான் அங்கே தொழில்முறைப் பிம்பங்களுக்கு மேலாண்மை கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். பதினாறு லட்சம் நிறங்களா, ஒன்றே முக்கால் கோடியா என்ற பேச்சு வந்ததுமே கூடவே சம்பளக்காரர்களும் ஒப்புதல் கமிட்டிகளும் வந்துவிடுகிறார்கள். பெர்லினைப் பொற்காலமாக்க வேண்டாம். காலியான கட்டடம் அப்போதைக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். 

நம்மூர்க் கோயில் திருவிழாக்களில் நாலு ஆள் உயரத்துக்கு நிற்கிற சீரியல் செட் போர்டுகளை இந்தச் சட்டகத்தில் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. சினிமா கட்-அவுட்டைப் பற்றிக் கட்டுரை எழுதிய கைகள் இதன் பக்கம் வந்ததில்லை. இன்று அதில் இருப்பதும் பிக்ஸல் எல்.இ.டி.தான், பின்னால் அதே மேப்பிங்தான். நெட்வொர்க் கிடையாது, முன்கூட்டியே எழுதி வைத்த மெமரி கார்டு ஒன்று கன்ட்ரோலரில் செருகியிருக்கும். முருகன் வேல் வீசுவது, மயில் தோகை விரிப்பது, எல்லாம் அந்தக் கார்டில். லைட் செட்காரர் அடுத்த ஊர் அம்மனுக்குக் கார்டை மாற்றிக்கொள்வார். பக்கத்திலேயே உபயதாரர் பேரும் எரிந்துகொண்டிருக்கும். கோயிலுக்குள் ட்யூப்லைட்டின் மேலேயே 'உபயம்: இன்னார்' என்று எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறார்களே என்று நாம் கிண்டல் பண்ணுவது வழக்கம். ஐசிசி கோபுரத்தில் அந்த ஒரு நிமிடத்தை அணைத்தவரின் பேர் எந்த விளக்கின் மேலும் எழுதப்பட்டிருக்கவில்லை.