பூட்டியின் பேர்

மேய்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து காரில் சில நிமிடங்கள் போனால் எலிசபெத் ஃபார்ம். ஹாரிஸ் பார்க்கின் தோசைக் கடைகளிலிருந்து நடந்தே போய்விடலாம். 1793இல் கட்டத் தொடங்கிய வீடு. கணவர் ஜான் மக்கார்தர் இருமுறை ஆண்டுக்கணக்கில் இங்கிலாந்தில் தங்கிவிட, பண்ணையையும் மெரினோ ஆடுகளையும் நடத்தியவர் எலிசபெத். இன்று அது அருங்காட்சியகம். அங்கிருந்து திரும்பும்போது மகள் கேட்டாள்: "நம்ம வீட்டுல இப்படி யாருப்பா?"

அப்பாவின் நோட்டில் ஏழு தலைமுறை ஆண்களின் பெயர்கள் உண்டு. பெண்கள் இருக்க வேண்டிய இடத்தில் 'மனைவி' என்று மட்டும் இருக்கிறது. அந்தக் கேள்வியோடுதான் இரண்டு நூல்களை அடுத்தடுத்துப் படித்தேன்.

முதலாவது, கேட் கிரென்வில் 2020இல் வெளியிட்ட 'எ ரூம் மேட் ஆஃப் லீவ்ஸ்' நாவல். எலிசபெத் ரகசியமாக எழுதி வைத்த நினைவுக்குறிப்புகள் அகப்பட்டன, நான் பதிப்பித்தவள் மட்டுமே என்கிற பாவனையில் எழுதப்பட்டது. வில்லியம் டாஸ் என்ற அதிகாரியிடம் கொஞ்ச காலம் வானியல் படித்ததை உண்மை எலிசபெத் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். நாவலில் அது காதலாகிறது. கடிதத்தில் அடக்கமாகப் பேசும் பெண், நாவலில் நகைக்கிறாள், கோபப்படுகிறாள். படிக்கச் சுகமான நூல்.

இரண்டாவது, கயானாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறிய பத்திரிகையாளர் கயூத்ரா பகதூர் எழுதிய 'கூலி வுமன்' (2013). அவருடைய பூட்டி சுஜாரியா, 1903இல் கல்கத்தாவிலிருந்து 'கிளைட்' கப்பலில் தனியாக, வயிற்றில் பிள்ளையோடு பிரிட்டிஷ் கயானாவுக்குப் போனவர். பிள்ளை கப்பலிலேயே பிறந்தது. சுஜாரியா எழுதி வைத்தது எதுவும் இல்லை. குடியேற்றச் சீட்டு ஒன்று இருக்கிறது. கணவன் எங்கே? ஓடி வந்தாரா, ஏமாற்றிக் கூட்டி வந்தார்களா? பகதூர் ஆவணக்காப்பகங்களைத் துழாவுகிறார், பீகாரில் பூட்டியின் ஊருக்கும் போகிறார். விடை கிடைக்காத இடங்களில் கதை கட்டாமல் கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். சில பக்கங்களில் இது அலுப்பூட்டுகிறது. சில கேள்விகள் விடையை உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டே கேட்கப்படுகின்றன. ஆனாலும் எது தெரிந்தது, எது ஊகம் என்ற கோடு அழிவதில்லை.

கற்பனை பொய், கேள்வி நேர்மை என்று சொல்வதல்ல என் நோக்கம். கிரென்வில் தொடக்கத்திலேயே வாசகரை எச்சரித்துவிடுகிறார், முடிவில் கற்பனை என்று ஒப்புக்கொள்கிறார். அதைவிட முக்கியமானது, எலிசபெத்தின் கடிதங்கள் சிட்னி மாநில நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நாவலை நம்பாதவர் அவற்றைப் படித்து ஒப்பிடலாம். ஆவணம் உள்ள பெண்ணைப் பற்றிய கற்பனை, அந்த ஆவணத்தோடு வழக்காடுகிறது. ஆவணமே இல்லாத பெண்ணைப் பற்றிய கற்பனையோ தானே ஆவணமாகிவிடுகிறது.

இதை நான் அனுபவத்தில் அறிந்தேன். அப்பாவின் எண்பதாம் பிறந்தநாள் மலரில் எங்கள் பூட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். பஞ்சத்தில், கைக்குழந்தையோடு, மண்டபம் முகாமைக் கடந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போன தைரியசாலி என்று. தோட்டத்துக்குப் போனார் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். பஞ்சம், குழந்தை, தைரியம் எல்லாம் என் சேர்க்கை. அடுத்த ஆண்டே டொராண்டோவில் ஒன்றுவிட்ட அண்ணன் மகள், பள்ளியில் அதைக் குடும்ப வரலாறாக வாசித்துப் பரிசு வாங்கினாள். அத்தை அழைத்து, "எங்க அப்பாயி அந்தக் குழந்தையைத் தூக்கிட்டு நடந்ததை நெனச்சா அழுகையா வருது" என்றார். பூட்டி அவருக்குச் சொந்த அப்பாயி. அவருடைய நினைவிலும் என் பொய் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நமக்கு ஏன் இந்த ஆசை வருகிறது என்பதும் தெரியும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளுக்குக் கப்பல் பதிவேடு உண்டு: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர். அங்குள்ள தமிழர் ஒரு வரியையாவது கண்டெடுக்க முடியும். இலங்கைக்குப் போனவர்கள் கங்காணி மூலம் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது, தோட்டத்தையும் ஆளையும் எண்ணாகக் குறித்த தகர வில்லை. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் சம்பளம். அரைநாள் வேலைக்கு அரைப்பேர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் நீலகிரிக்குத் திரும்பியபோது, செக்ரோலில் பூட்டிக்கு விழுந்த பேர்கள் எதுவும் கூட வரவில்லை.

அதனால் பகதூரின் வழிதான் நமக்குப் பாதுகாப்பானது என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போகலாம். நாம் ஆங்கிலத்தில் எழுதி வைப்பதைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வேறு எதுவும் இருக்காது.

அத்தைக்கும் டொராண்டோவுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அத்தை இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவரே அழைத்து, அப்பாயி வெற்றிலை போட மாட்டார், சுருட்டுதான் குடிப்பார் என்றார். மகளுக்காகத் தொடங்கிய புதிய தாளில் பதினொரு கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே இந்த ஒரு வரி, சொன்னவர் அத்தை என்ற குறிப்போடு.