அட்டையில் ஏறிய வசை

கொலைக் கதைதானே, பொழுதுபோக்குத்தானே என்று புறந்தள்ளுவோர் உளர். ஆனால், 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்றதாக மதிப்பிடப்படும் ஒரு நூல், தன் தலைப்பால் எதைப் பரப்பிற்று என்று கேட்பது பகுத்தறிவாளர் கடனன்றோ?

அகதா கிறிஸ்டியின் அந்நாவலை, 1939 நவம்பரில் இங்கிலாந்தில் காலின்ஸ் பதிப்பகத்தார் வெளியிட்டனர். ஒரு தீவு, அங்கு வரவழைக்கப்பட்ட பத்துப் பேர், ஒவ்வொருவர் தலையிலும், சட்டத்தின் பிடிக்குத் தப்பிய ஒரு கொலைப்பழி. சிறுவர் பாட்டொன்று சொல்லும் முறைப்படியே ஒருவர்பின் ஒருவராய் மடிகின்றனர். விறுவிறுப்புக்குக் குறைவில்லை, கட்டுக்கோப்பிலே தளர்ச்சியில்லை. ஆனால் அட்டையிலே? கறுப்பின மக்களை வெள்ளையர் இழித்துரைத்த வசைச்சொல்! பாட்டிலும் அதுவே, தீவின் பெயரிலும் அதுவே!

விந்தையைக் கேளுங்கள், தோழர்களே! அப்பத்துப் பேரில் ஒருவன், கிழக்கு ஆப்பிரிக்கப் பழங்குடியினர் 21 பேரைச் சாகவிட்டுத் தான் தப்பியவன். அது கொலைக்குற்றமே என்று கதை தீர்ப்புரைக்கிறது. உள்ளே கறுப்பரின் உயிருக்கு நீதி கேட்ட நூல், வெளியே அவர்தம் இனத்தை இழித்துக்கொண்டே விலைபோயிற்று!

"அக்கால வழக்கு அது, அன்று எவருக்கும் தவறெனத் தோன்றவில்லை" என்று வாதிடுவர். தோன்றவில்லையா? 1940-இல் அமெரிக்காவில் டாட் மீட் நிறுவனத்தார் வெளியிட்டபோதே அத்தலைப்பை நீக்கினர். பாட்டின் இறுதி அடியை எடுத்து, 'அண்ட் தென் தேர் வேர் நன்' (பின்னர் எவருமே எஞ்சவில்லை) என்று பெயரிட்டனர். கதை குன்றிற்றா? சுவை குறைந்ததா? இல்லை! அந்த எடுத்துக்காட்டைக் கண்முன் வைத்துக்கொண்டே, இங்கிலாந்து பழைய பெயரை 1985 வரை சுமந்தது. பிரெஞ்சு மொழிப் பதிப்போ 2020-இல்தான் தலைப்பை மாற்றி, நூலினுள் 74 இடங்களில் இருந்த அச்சொல்லையும் களைந்தது.

அமெரிக்கப் பதிப்பும் மாசற்றதன்று. அட்டையைத் துடைத்தவர்கள், உள்ளே 'இந்தியன்' என்று மாற்றினர். 1964-இல் மலிவுப் பதிப்பின் தலைப்பே 'டென் லிட்டில் இந்தியன்ஸ்' ஆயிற்று. கறுப்பர் முதுகிலிருந்து இறக்கிய சுமையை, அந்த மண்ணின் தொல்குடிகள் முதுகில் ஏற்றினர்! இதுவா திருத்தம்?

பிற்காலப் பதிப்புகளில் அவ்விடத்தைப் படைவீரன் பிடித்தான். கதையின் ஒரு முடிச்சும் அவிழவில்லை. அவ்வசை கலைக்குத் தேவையாக இருந்ததே இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அதனை 46 ஆண்டுகள் அட்டையில் காத்தது கலையன்று. கைவிட மனமில்லாத பழக்கமே!